ரெண்டாவது டைப்

என் தம்பிக்கு வந்த நோயைப் பார்த்து நான் பொறாமைப்பட்டேன். இதைச் சொல்லாமல் என் மருத்துவமனை நாட்களைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. நோயைப் பார்த்து யாராவது பொறாமைப்படுவார்களா என்று கேட்பீர்கள். ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு ஒரே நோய் இருந்து, ஒருவருடையதை மட்டும் எல்லோரும் நோய் என்று ஒத்துக்கொண்டால், மற்றவருக்கு வேறென்ன வரும்?

நாங்கள் ஆம்பூர்க்காரர்கள். அப்பா இல்லை. நான் மூத்தவள், ஜெயந்தி. ஷூ ஃபேக்டரியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைக்கும் லைனுக்கு சூப்பர்வைசர். தம்பி மோகன் ஒரு தோல் ஏற்றுமதிக் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறான். என் கணவர் ஏழுமலை ஃபேக்டரி பஸ் ஓட்டுகிறார். அம்மா மோகனோடு, எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள்.

மோகனுக்கு அது சில வருஷங்களுக்கு முன் ஒரு கோடையில் வந்தது. தூக்கம் நின்றது. தூங்காவிட்டாலும் களைப்பே இல்லை. ஒரு பேச்சு முடிவதற்குள் அடுத்த பேச்சுக்குத் தாவினான். முதலாளிக்கு விடியற்காலையில் போன் செய்து, வெளிநாட்டு வியாபாரம் மொத்தத்தையும் தன் கையில் ஒப்படைக்கச் சொன்னான். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, தெரு முழுவதற்கும் பிரியாணி சொல்லிவிட்டான். வாசலில் அண்டாக்கள் வந்து இறங்கின. தனக்குக் கல்யாணம் என்றான். பெண் யார் என்று அம்மா கேட்டாள்.

"டிவில நியூஸ் வாசிக்கிறாங்களே, அவங்கதான். தினம் என்னைப் பாத்துதாம்மா வாசிக்கிறாங்க. உனக்குப் புரியாது."

அன்றைக்கே ஏழுமலையும் பக்கத்து வீட்டுக்காரர்களும் அவனை வேனில் ஏற்றி வேலூருக்குக் கொண்டுபோனார்கள். அங்கே மனநலப் பிரிவில் சேர்த்தார்கள். பைபோலார் என்றார்கள், முதல் வகை. மனநிலை ஒரு பக்கம் உச்சத்துக்கும் இன்னொரு பக்கம் பாதாளத்துக்கும் போய்வரும் நோய்.

உறவே திரண்டு வந்தது. அம்மா அவன் கூடவே தங்கினாள். திருத்தணியில் முடி இறக்கினாள். பக்கத்து வீட்டு பாய் தர்காவில் ஓதி நூல் வாங்கி வந்து கட்டினார். பேச்சுவார்த்தை அறுந்துபோயிருந்த சித்தப்பாகூட ஆப்பிள் பையோடு வந்து நின்றார். நானும் லீவு போட்டு, தினமும் இட்லி கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். பஸ்ஸில் உட்கார்ந்து என்ன நினைத்தேன் தெரியுமா? எனக்கு யாராவது இப்படி ஒரு நாள் ஓடி வந்தார்களா என்று நினைத்தேன்.

ஏனென்றால் எனக்கும் இருந்தது. அவனுக்கு முன்பிருந்தே இருந்தது. காலேஜ் படிக்கும்போதே வருஷத்தில் பாதி நாள் எனக்குக் கை கால் எழும்பாது. தலை வாருவது மலையைப் புரட்டுவது மாதிரி இருக்கும். சாப்பாடு மண்ணாக இருக்கும். அழுகைகூட வராது. அம்மா அதற்கு வைத்த பெயர் சோம்பல். கல்யாணத்துக்குப் பிறகு மாமியார் வைத்த பெயர் தலைக்கனம். ஃபேக்டரியில் வைத்த பெயர் மூடு.

நடுநடுவே வேறு மாதிரி நாட்கள் வரும். கொஞ்ச நேரம் தூங்கினாலே போதும். லைனில் டார்கெட்டைத் தாண்டிப் போவேன். வீட்டுக்கு வந்து தெருப் பெண்களுக்கெல்லாம் ஜாக்கெட் தைத்துக் கொடுப்பேன். எல்லோருக்கும் போன் போட்டுப் பேசுவேன். நன்றாகப் பேசுவேன், சிரிக்க வைப்பேன். அந்த மாதிரி ஒரு மாதத்தில்தான் ஃபேக்டரியில் சிறந்த சூப்பர்வைசர் என்று கேடயம் கொடுத்தார்கள். நோய் வந்த மோகனுக்கு வேன். நோய் வந்த எனக்குக் கேடயம். அப்போது அது நோய் என்று எனக்கும் தெரியாது. அதுதான் நிஜமான நான் என்றும், மற்ற நாட்களில் இருப்பவள் யாரோ சோம்பேறி என்றும் நம்பியிருந்தேன்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் மழைக்காலத்தில் மறுபடி அந்தக் கை கால் எழும்பாத பள்ளத்தில் விழுந்தேன். அதுவரை விழுந்ததைவிட ஆழம். உள்ளூர் டாக்டர் ஒருவரிடம் ஏழுமலை அழைத்துப்போனார். அவர் கேட்டதற்கெல்லாம் சோகத்தைத்தான் சொன்னேன். நல்ல நாட்களைப் பற்றி யாராவது டாக்டரிடம் புகார் சொல்வார்களா? மனச்சோர்வுக்கு மாத்திரை கொடுத்தார். சில வாரங்களில் எழுந்துவிட்டேன். எழுந்தவள் நிற்கவில்லை. உடம்புக்குள் எறும்பு ஊர்கிற மாதிரி ஒரு பரபரப்பு. சந்தோஷம் இல்லை, கோபம்தான். லைனில் ஒரு பெண்ணைப் பார்த்து எல்லோர் முன்னாலும் கத்தினேன். மேனேஜரிடம் சண்டை போட்டேன். பிறகு திரும்பவும் விழுந்தேன், இந்தத் தடவை பரபரப்பும் இருட்டும் சேர்ந்தே இருந்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மோகன் எங்கள் பைக்கை இரவல் கேட்டு வந்தான். நான் சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தேன். சாவியைக் கேட்காமல் எதிரில் உட்கார்ந்துகொண்டு என்னையே பார்த்தான்.

"அக்கா, சாவணும்னு தோணுதா?"

நேராகக் கேட்டான். அதுவரை யாரும் கேட்டதில்லை. ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

"எவ்ளோ நாளா?"

"தெரியல."

எழுந்துபோய் ஏழுமலையிடம் சொன்னான். "மாமா, பைக் வேணாம். காலையில வேலூர் போறோம். அது வரைக்கும் அக்காவைத் தனியா விடாதீங்க. அவளுக்கும் என்னோட வியாதிதான். சவுண்டு மட்டும் கம்மியா வெச்சிருக்கா."

என்னைக் காப்பாற்றியது அவன்தான். இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன். ஆனாலும் மறுநாள் நாங்கள் மூவரும் போய் இறங்கிய அந்த மருத்துவமனை வாசலில் எனக்குள் பற்றிக்கொண்டதையும் சொல்ல வேண்டும். காவலாளி அவனைப் பார்த்துச் சிரித்தார். டோக்கன் கொடுக்கிற பெண், "மோகனா, எப்படி இருக்கீங்க?" என்றாள். ஒரு நர்ஸ் தூரத்திலிருந்தே கையசைத்துவிட்டு ஓடிவந்து, "இன்னா மோகன், மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா? கூட யாரு?" என்று கேட்டாள்.

"எங்க அக்கா. அவங்கதான் பேஷன்ட்."

"அப்படியா!" என்று என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு மறுபடி அவனிடமே பேசினாள். என் நோய்க்கு வந்த இடத்திலும் நான் மோகனுடைய அக்கா.

காத்திருக்கும் கூடம் பெரியது. நீளமான பெஞ்சுகள். எங்கள் பக்கத்தில் ஒடுகத்தூரிலிருந்து வந்த குடும்பம், வேர்க்கடலையை உரித்து எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தது. முதலில் ரத்தம் எடுத்தார்கள். தைராய்டு சரியில்லாவிட்டாலும் மனநிலை ஏறி இறங்குமாம், அதனால் அதைப் பார்க்க வேண்டும். மாத்திரைகள் தாங்குமா என்று தெரிய சிறுநீரகம், கல்லீரல். இதயத்துக்கு ஒரு ஈசிஜி. எல்லாம் ஒழுங்காக இருந்தன. பைபோலாரைக் காட்டிக்கொடுக்கிற ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. அது பேசிப் பேசித்தான் தெரியவரும்.

பேசியவர் ஒரு பெண் டாக்டர், என்னைவிடச் சின்னவர். என் வாழ்க்கையை வருஷம் வருஷமாகக் கேட்டார். ஏழுமலையிடம் தனியாகக் கேட்டார், மோகனிடம் தனியாக. பிறகு என்னிடம், "தூக்கம் கம்மியா இருந்தும் களைப்பே இல்லாம, பேச்சும் வேலையும் ஜாஸ்தியா இருந்த நாட்கள் உண்டா? தொடர்ந்து சில நாளாவது?" என்றார்.

"அதெல்லாம் நான் நல்லா இருந்த நாள் டாக்டர்."

"அந்த நாட்களைப் பத்தித்தான் நான் கேக்குறேன்."

கேடயத்தைப் பற்றிச் சொன்னேன். ஜாக்கெட்டுகளைப் பற்றிச் சொன்னேன். மாத்திரை போட்ட பிறகு வந்த கோபத்தைச் சொன்னேன். அவர் தலையசைத்தபடி கேட்டார். உள்ளே சேரச் சொன்னார். இரண்டு நாள் கழித்து எங்கள் மூவரையும் உட்காரவைத்துச் சொன்னார்.

"ஜெயந்தி, உங்களுக்கு இருக்கிறது வெறும் மனச்சோர்வு இல்ல. பைபோலார், ரெண்டாவது டைப்."

ஃபேக்டரியில் தையல் பிசகிய ஷூவை 'செகண்ட்ஸ்' என்று தனிக் கூடையில் போடுவோம். வாயிலிருந்து அதுதான் வந்தது. "அவனுக்கு ஃபர்ஸ்ட், எனக்கு செகண்ட்ஸா?"

மோகன் சிரித்துவிட்டான். டாக்டர் சிரிக்கவில்லை. "சக்கரை வியாதியிலயும் ரெண்டு டைப் இருக்கு. அதுல எது உசத்தி, சொல்லுங்க?" என்று கேட்டுவிட்டு விளக்கினார். எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன்.

முதல் வகையில் உச்சம் முழு உச்சமாக இருக்கும். அதற்கு மேனியா என்று பெயர். ஒரு வாரமாவது நீடிக்கும், அல்லது அதற்குள்ளேயே மருத்துவமனையில் சேர்க்கிற நிலைக்குப் போகும். வேலை, உறவு எல்லாம் குலையும். இல்லாததை இருப்பதாக நம்புகிற அளவுக்கும் போகலாம், மோகனுக்கு நியூஸ் வாசிப்பவர் மாதிரி. இரண்டாம் வகையில் உச்சம் பாதியிலேயே நின்றுவிடும். ஹைப்போமேனியா என்பார்கள். நான்கு நாளாவது இருக்கும், மற்றவர்கள் கண்ணுக்கு மாற்றம் தெரியும், ஆனால் வாழ்க்கை உடைந்துபோகாது. சமயத்தில் பாராட்டுகூடக் கிடைக்கும். ஆனால் பள்ளம் முழுப் பள்ளம். பெரும்பாலான காலம் அதில்தான் போகும். அதனால் பலருக்கு வெறும் மனச்சோர்வு என்றே வைத்தியம் நடக்கும். அந்த மாத்திரையை மட்டும் தனியாகக் கொடுத்தால் சிலருக்கு மேலே தூக்கி எறிந்துவிடும். இவை தவிர, சைக்ளோதைமியா என்று இன்னொன்று. அதில் மேடும் பள்ளமும் சின்னவை, ஆனால் வருஷக்கணக்கில் ஓயாது.

"ரெண்டாவதுன்னா லேசானதுன்னு அர்த்தம் இல்ல," என்றார் டாக்டர். "நீங்க எந்த நிலைமையில வந்தீங்கன்னு உங்களுக்கே தெரியும்."

அந்த ஒரு வார்த்தைக்காக அவரை நான் மறக்க மாட்டேன். இத்தனை வருஷத்தில் முதல் முறையாக என்னுடையது லேசானது இல்லை என்று ஒருவர் சொன்னார்.

அங்கே நோயாளியோடு குடும்பத்தில் ஒருவர் தங்கியே ஆகவேண்டும். ஏழுமலைக்கு அத்தனை நாள் லீவு கிடைக்கவில்லை. அம்மா முழங்கால் வலி என்றாள். மோகன் அடுத்தடுத்து உள்ளே போன மூன்று தடவையும் அவனோடு தங்கிய முழங்கால்தான் அது. ஆக, மோகனே என் துணைக்குத் தங்கினான். வரிசையாக அறைகள், பின்னால் எல்லோருக்கும் பொதுவான சமையலறை. அவன் அங்கே ராஜா மாதிரி நடந்தான். எந்த அடுப்பில் நெருப்பு சரியாக எரியும் என்று தெரியும். எந்த நர்ஸ் கண்டிப்பு என்று தெரியும். சாயங்காலங்களில் மற்ற அறைக்காரர்கள் அவனிடம் சந்தேகம் கேட்க வருவார்கள். நான் கட்டிலில் படுத்து, மாத்திரையால் வாய் உலர்ந்து, அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

அவனுக்கு லித்தியம். அது ஒரு வகை உப்பு. ரத்தத்தில் அதன் அளவை அவ்வப்போது பார்க்க வேண்டும், கூடினால் ஆபத்து. எனக்கு வேறு இரண்டு மாத்திரை. ஒன்று தூக்கத்துக்கும் நிதானத்துக்கும். மற்றொன்று, லாமோட்ரிஜின், பள்ளத்தில் விழாமல் பிடிக்க. தோலில் தடிப்பு வருகிறதா என்று பார்த்துப் பார்த்து அதை மெதுவாகத்தான் ஏற்றுவார்கள். 'இவன் சீக்கிரம் எழுந்துவிட்டான், எனக்கு மட்டும் ஏன் நத்தை மாத்திரை?' என்று அதிலும் எனக்கு வயிற்றெரிச்சல். பக்கத்து அறையில் பேர்ணாம்பட்டு தில்ஷாத் அக்கா இருந்தார். அவர் கணவர் தினமும் மாதுளையை ஒவ்வொரு முத்தாக உதிர்த்து ஊட்டுவார். அந்த வழியாகத் தண்ணீர் பிடிக்கப் போகும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். ஒரு நாள் தில்ஷாத் அக்கா என்னைக் கூப்பிட்டு, "உன் தம்பிய பாத்தா எனக்கு பொறாமையா கீதுமா. எனக்கும் மூணு தம்பிங்க. ஒருத்தனும் எட்டிப் பாக்கல," என்றார். கையில் கொஞ்சம் மாதுளையைத் திணித்தார்.

இரண்டாவது வாரம் அம்மா வந்தாள். தூக்குப் பாத்திரத்தில் கறிக்குழம்பு, பொட்டலத்தில் வடை. கதவைத் திறந்ததும் அவள் கண் மோகனிடம்தான் போனது.

"இன்னாடா இது, கன்னமெல்லாம் ஒட்டிப் போச்சு? சாப்புடுறியா இல்லியா? இவளுக்காகக் கண்ணு முழிச்சு உனக்கு வந்துடப் போவுதுடா."

நான் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தேன். "அம்மா, நான்தான் பேஷன்ட்."

"தெரியுதுடி."

"தெரியல. உனக்கு எப்பவும் தெரியல. அவன் கத்தினான், வேன் வெச்சீங்க. நான் கத்தல, சோம்பேறின்னீங்க. நானும் பிரியாணி அண்டாவை எறக்கியிருக்கணும்."

அம்மா வடைப் பொட்டலத்தைக் கட்டில்மேல் வைத்தாள். "அவனுக்கு வந்தா ஊருக்கே தெரியுது. நீ கதவச் சாத்திக்கினு படுத்துக்கிறவ. எனக்கு யாருடி சொல்லிக் கொடுத்தாங்க?" என்றாள். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. எனக்கு அன்றைக்கு நியாயம் வேண்டியிருக்கவில்லை. வடை சாப்பிட மாட்டேன் என்றேன். பிறகு சாப்பிட்டேன்.

அம்மாவைப் பஸ் ஏற்றிவிட்டு வந்த மோகன், வெளியே புங்க மரத்தடிக்கு என்னைக் கூட்டிப்போனான். வேலூர் வெயில் அப்போதுதான் தணிந்திருந்தது.

"உனக்கு என்மேல காண்டுன்னு தெரியும்க்கா. எனக்கும் உம்மேல காண்டுதான்."

"எம்மேல இன்னா இருக்கு?"

"உன்னால ஒளிச்சு வெக்க முடிஞ்சுச்சு. லீவு லெட்டர்ல காய்ச்சல்னு எழுதிட்டு மறுபடி சூப்பர்வைசரா போய் நின்ன. என்னை இன்னிக்கும் தெருப் பசங்க பிரியாணி மாப்ளன்னுதான் கூப்புடுறானுங்க. ரெண்டு எடத்துல பொண்ணு பேசி, விசாரிச்சுட்டு வேணாம்ட்டாங்க. உன் டைப்பு எனக்கு வந்திருக்கக் கூடாதான்னு எத்தினி நாள் நெனச்சிருக்கேன் தெரியுமா?"

ரொம்ப நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன். "மேல ஏறினப்போ, அந்த மாதிரி முழுசா... நல்லா இருந்துச்சாடா?"

"பாதி ஞாபகமே இல்ல. ஞாபகம் இருக்கிற பாதியில, அம்மா என் காலைப் புடிச்சுக்கினு அழுவுது. நான் தாண்டிப் போறேன்."

என் பொறாமை அன்றோடு ஒழிந்தது என்று எழுத ஆசைதான். ஒழியவில்லை. அது அவன் நோயின்மேல் இல்லை, அவனுக்காக ஓடி வந்தவர்கள்மேல் உட்கார்ந்திருக்கிறது என்று மட்டும் தெரிந்தது.

மூன்றாவது வார முடிவில் வீட்டுக்கு அனுப்பினார்கள். உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. பள்ளத்திலிருந்து ஏறுவது படிப்படியாகத்தான் நடந்தது. ஒரு நாள் காபியில் ருசி தெரிந்தது. ஒரு நாள் ஏழுமலையின் ஜோக்குக்குச் சிரித்தேன், அவர் பயந்துபோய் என்னைப் பார்த்தார். இரண்டு மாதத்தில் லைனுக்குத் திரும்பினேன். நேரத்துக்குத் தூங்குகிறேன். ராத்திரி ஜாக்கெட் தைப்பதில்லை.

அதன் பிறகு மோகனுக்கு வாலாஜாபேட்டையில் ஒரு இடம் வந்தது. பெண் வனிதா, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். இந்தத் தடவை தானே எல்லாவற்றையும் சொல்லிவிடப்போவதாக மோகன் பிடிவாதமாக இருந்தான். அம்மா எவ்வளவோ கெஞ்சினாள். பெண் வீட்டுக் கூடத்தில் காபி தம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான். நோயின் பெயர், மாத்திரை, மூன்று தடவை மருத்துவமனை, பிரியாணி, எல்லாம். பெண்ணின் அப்பா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"குடும்பத்துல வேற யாருக்காச்சும் இருக்குதாங்க?"

"ச்சே, ச்சே. யாருக்கும் இல்லீங்க," என்றாள் அம்மா.

மோகன் என்னைப் பார்க்கவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாதென்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். திறந்தால் இந்த இடமும் போகலாம். ஆனால் அத்தனை பேர் நடுவில் அவன் ஒருவன் மட்டும் நோயாளியாக உட்கார்ந்திருப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"எனக்கு இருக்குதுங்க," என்றேன். "அதே வியாதி, ரெண்டாவது டைப்பு. போன வருஷம் உள்ள இருந்தேன். இப்ப வேலைக்குப் போறேன்."

ஏழுமலை மெதுவாக என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். வனிதா உள்ளேயிருந்து வந்து, எல்லோரையும் விட்டுவிட்டு என்னிடம் கேட்டாள். "ரெண்டுக்கும் இன்னா வித்தியாசங்க?"

டாக்டர் எனக்குச் சொன்னதை அவளுக்குச் சொன்னேன். குடும்பத்தில் இருந்தால் வர வாய்ப்பு கூடும், வந்தே தீரும் என்றில்லை என்பதையும் சொன்னேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் அம்மா என்னோடு பேசவில்லை. மோகன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "இன்னாத்துக்குக்கா சொன்ன? உன்னாலதான் ஒளிக்க முடியுமே."

"உனக்கு மட்டும் எல்லாரும் பாவப்படுறாங்கன்னு பொறாமையில சொன்னேன்."

நம்பிவிட்டவன் போலத்தான் முகத்தை வைத்துக்கொண்டான். ஆனால் வேலூர் தாண்டும்வரை என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

பல வாரம் பதில் இல்லை. சேதி ஆம்பூருக்கு வந்துவிட்டது. ஃபேக்டரி கேன்டீனில் நான் போனால் பேச்சு நின்றது. லைனில் ஒரு பெண் மட்டும் வந்து, தன் அண்ணனை எங்கே காட்டலாம் என்று காதோடு கேட்டாள். பிறகு ஒரு நாள் வனிதாவின் அப்பா போன் செய்தார். டாக்டரைப் பார்த்துப் பேச வேண்டும், மோகனும் கூட இருக்கட்டும், வனிதாவும் வருவாள் என்றார். வந்தார்கள். வனிதா ஒரு மணி நேரம் கேள்வி கேட்டாளாம். தை மாதம் கல்யாணம் நடந்தது. சாப்பாடு பிரியாணிதான் என்று மோகனே சொல்லிவிட்டான்.

இப்போது வனிதா தினமும் பள்ளிக்கூடத்திலிருந்து அவனுக்குப் போன் செய்து மாத்திரை போட்டானா என்று கேட்கிறாள். தூங்கினானா, தண்ணீர் குடித்தானா என்று கேட்கிறாள். "நீங்க ஏன் என்னை அப்படிக் கேக்குறதில்ல?" என்று ஏழுமலையிடம் சண்டை பிடித்தேன். "கேட்டா எரிஞ்சு விழுவியேன்னு மாத்திரை அட்டையை எண்ணிப் பாத்துக்குறேன்," என்றார்.

போன வாரம் செக்கப்புக்கு மோகனும் நானும் சேர்ந்து போனோம். என்னை முதலில் கூப்பிட்டார்கள். தூக்கம், பசி, வேலை எல்லாம் விசாரித்த பிறகு, எழுந்திருக்காமல் டாக்டரிடம் கேட்டேன்.

"டாக்டர், எனக்கு இன்னும் அவன்மேல பொறாமை போகல. அவன் பொண்டாட்டி அவனைக் கவனிச்சா எனக்கு எரியுது. அதுவும் இந்த வியாதியிலதான் சேருமா?"

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "இல்ல ஜெயந்தி. அது அக்கா தம்பி. அதுக்கு மாத்திரை கிடையாது."

எனக்குச் சிரிப்பு பொங்கியது. அவரும் சிரித்தார். அந்த அறையில் நாங்கள் இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். கதவைத் திறந்து வெளியே வந்தால், மோகன் பெஞ்சிலிருந்து எழுந்து நின்றுகொண்டிருந்தான், முகம் சுருங்கி.

"இன்னாக்கா உள்ள அப்படி ஒரு சிரிப்பு? எங்கிட்ட அந்த டாக்டர் ஒரு தடவ கூட அப்படிச் சிரிச்சதில்ல."

"அதெல்லாம் உனக்குப் புரியாதுடா," என்று சொல்லிவிட்டு அவன் இடத்தில் உட்கார்ந்துகொண்டேன். அன்று முழுக்க எனக்கு மனசு நிறைந்திருந்தது.